ஒன்றரை மனிதர்: மகாவம்சத்தின் ஒரு கணக்கும் ரோஹிங்கியா அகதிகளும்

சமய வன்முறைக்கும் புனித நூலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவோரிடம் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. வன்முறை நூலிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு சாராரின் முடிவு. நூல் குற்றமற்றது, படித்தவர்களே பிழைபட்டார்கள் என்பது மற்றொரு சாராரின் சமாதானம். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டுமே நூலை ஒரே கையால் ஒரே நாளில் வெட்டப்பட்ட கல்லாகக் கருதிக்கொண்டுதான் பேசுகின்றன. உண்மையில் எந்தச் சமயத்தின் நூல்தொகுதியும் மூலம், உரை, உரையின் உரை, வரலாற்றுக் காப்பியம், வாய்மொழிக் கதை என்று பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காகப் படிந்தது. அந்த அடுக்குகளுக்கிடையே எது மேல், எது கீழ் என்று மரபே வகுத்த வரிசையும் உண்டு. தீவிரப் பரப்புரையாளர் பல நேரங்களில் ஒரு சொல்லைக்கூடத் திரிப்பதில்லை. கீழடுக்கில் கிடப்பதை எடுத்து மேலே வைத்துவிட்டு, மேலே இருந்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். 2017இல் மியான்மரிலிருந்து ரோஹிங்கியா மக்கள் துரத்தப்பட்ட காலத்தில், தேரவாத பௌத்த நூல்மரபின் ஒரு சிறு பகுதி எவ்வாறு கையாளப்பட்டது என்பதை முன்வைத்து இவ்வுரை அதனை ஆராய்கிறது.

தேரவாதம் என்பது இலங்கை, மியான்மர், தாய்லாந்து முதலிய நாடுகளில் நிலைத்துள்ள, பாலி மொழி நூல்களை முதன்மையாகக் கொண்ட பௌத்தப் பிரிவு. அதன் மூலநூல் திரிபிடகம், அதாவது மூன்று கூடைகள்: துறவியரின் ஒழுக்க விதிகளாகிய விநயம், புத்தரின் உரைகளாகிய சுத்தம், மனத்தையும் பொருளையும் பகுத்தாராயும் அபிதம்மம். இவற்றுக்கு எழுந்த உரைகளை அட்டகதை என்பர், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் தொகுத்தவை அவற்றுள் தலையாயவை. இவ்விரண்டு அடுக்குகளுக்கும் வெளியே, அரசர் வரலாற்றையும் சமயம் பரவிய வரலாற்றையும் பாட்டில் சொல்லும் வம்சங்கள் என்னும் காப்பியங்கள் நிற்கின்றன. அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த மகாநாம தேரர் 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய மகாவம்சம் அவற்றுள் புகழ்பெற்றது. அது புத்தவசனம் அன்று. எந்தப் பிக்குவும் அவ்வாறு உரிமை கோரியதுமில்லை. ஆனாலும் பாடநூல், நாடகம், திரைப்படம், தேர்தல் மேடை ஆகியவற்றின் வழியாக இலங்கையின் பொதுமக்கள் மனத்தில் அது பெற்றிருக்கும் இடம், விநய பிடகத்துக்கோ அபிதம்மத்துக்கோ வாய்க்காத இடம்.

சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தைக் கைப்பற்றி 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனையும், தெற்கேயிருந்து படை திரட்டிவந்து அவனை வென்ற துட்டகைமுனுவையும் பற்றிய பகுதி அக்காப்பியத்தின் நடுநாயகம். துட்டகைமுனு தன் வேலில் புத்தரின் தாது ஒன்றைப் பதித்துக்கொண்டு, ஐந்நூறு பிக்குகள் உடன்வரப் புறப்படுகிறான். தான் போரிடுவது அரசின்பத்துக்காக அன்று, சாசனத்தை, அதாவது புத்தரின் போதனையும் அதைத் தாங்கும் அமைப்பும் சேர்ந்த முழுமையை, நிலைநிறுத்தவே என்று சத்தியம் செய்கிறான். ஆனால் வெற்றிக்குப் பின் 25ஆம் அதிகாரம் எதிர்பாராத இடத்துக்குத் திரும்புகிறது. மாளிகையின் மேல்தளத்தில், நறுமண விளக்கொளியில், ஆடல் மகளிர் சூழ்ந்திருக்கும் அரசனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஓர் அக்குரோணிப் படையை அழித்த நினைவு அவனை விடாமல் அரிக்கிறது. அதை அறிந்த அரஹந்தர் எண்மர், அதாவது பற்றுகளை முற்றாக அறுத்த நிலையை எட்டிய துறவியர், வான்வழியே வந்து அவனைத் தேற்றுகிறார்கள். அவர்கள் சொல்லும் ஆறுதல் ஒரு கணக்கு: அப்போரில் உண்மையில் இறந்தவர் ஒன்றரை மனிதரே, ஒருவன் புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்தவன், மற்றொருவன் ஐந்து சீலங்களையும் ஏற்றவன், ஏனையோர் பிழையான காட்சியுடையோர், ஆகவே விலங்குகளை ஒப்பர். சரணம் மட்டும் புகுந்தவன் அரை, சீலமும் ஏற்றவன் முழு என்பதே இதற்கு இயல்பாகச் சொல்லப்படும் பொருள். ஒரு பெரும் படையின் சாவைப் பின்னமாகச் சுருக்கித் தரும் இந்தக் கணக்கில் பெருங்கடைக் கணக்குப்பிள்ளையின் துல்லியம் இருக்கிறது. அத்துல்லியமே அதன் கொடூரமும் ஆகும்.

இப்பகுதி வானத்திலிருந்து விழுந்ததன்று. மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் துட்டகைமுனுவைச் சில பாட்டுகளில் முடித்துவிடுகிறது. எல்லாளன் அறம் தவறாது ஆண்டான் என்பதை மட்டும் அது தயக்கமின்றிச் சொல்கிறது. அரஹந்தரின் ஆறுதல் அதில் இல்லை. எனவே இது வளர்ந்த கதை. வளர்த்தவர் பக்கத்தில் தேவையும் இருந்தது. தென்னிந்தியப் படையெடுப்புகளையும், மகாவிகாரையோடு போட்டியிட்ட மடங்களையும் கண்ட ஒரு காலத்துத் துறவி, தம் மடத்துக்கு மகாதூபம் என்னும் பெருந்தூபியை எழுப்பித் தந்த அரசனைக் கொலைப்பாவத்தோடு விட்டுவிட விரும்பவில்லை. புத்தகோசரின் உரைகளில் அதற்கு ஒரு பிடிமானமும் கிடைத்தது. கொலையின் குற்றம் எல்லா நேர்விலும் ஒரே அளவினதன்று. விலங்காயின் அதன் உடலளவையும், மனிதராயின் இறந்தவரின் குணத்தையும், இருவகையிலும் கொன்றவரின் முயற்சியையும் மனமாசின் கடுமையையும் பொறுத்து அது கூடும், குறையும் என்று அட்டகதை வகுக்கிறது. ஆனால் உரைகாரர் பேசியது குற்றத்தின் கூடுதல் குறைவைப் பற்றி மட்டுமே. இறந்தவன் மனிதனா என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. கூடுதல் குறைவு என்ற படிக்கட்டிலிருந்து சுழியம் என்ற பள்ளத்துக்குக் குதித்தது காப்பியமே.

மூல அடுக்குக்குச் சென்றால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. விநயத்தில் பாராஜிகம் எனப்படும் நான்கு குற்றங்கள், செய்த கணமே ஒருவரைத் துறவு நிலையிலிருந்து நீக்கிவிடுபவை. அவற்றுள் மூன்றாவது மனிதக் கொலை. தானே கொல்வது மட்டுமன்றி, கொலையாளியைத் தேடித் தருவதும், சாவைப் புகழ்ந்து ஒருவரைச் சாவுக்குத் தூண்டுவதும் அதில் அடங்கும். யார் மனிதர் என்பதையும் விநயம் வரையறுத்தே செல்கிறது: தாயின் கருவில் முதல் உணர்வு தோன்றும் கணம் தொடங்கி இறப்பு வரை உள்ள உயிர் மனித உயிர். கருவில் இருக்கும் பிள்ளைக்குக் காட்சியும் இல்லை, சீலமும் இல்லை, அது எந்தச் சரணமும் புகுந்ததில்லை; ஆயினும் அது முழு மனிதர். அதே மரபின் காப்பியமோ ஆயுதமேந்தி எதிரே நின்ற ஒரு படையில் ஒன்றரைப் பேருக்கு மேல் மனிதரைக் காணவில்லை. இந்த முரணைத் தேரவாத அறிஞர் அறியாதவரல்லர். அறிந்தும் பேசாதிருப்பதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

போர்வீரருக்கென்றே அமைந்த பேச்சும் சுத்த பிடகத்தில் உண்டு. சம்யுத்த நிகாயத்து யோதாஜீவ சுத்தத்தில் படைத்தொழிலோரின் தலைவன் ஒருவன் புத்தரிடம் வந்து, களத்தில் ஊக்கத்தோடு பொருது மடிபவன் தேவருலகம் புகுவான் என்று தங்கள் ஆசிரியர் வழிவழியாகச் சொல்லிவருவது மெய்தானா என்று கேட்கிறான். அதைக் கேட்கவேண்டாம் என்று புத்தர் திரும்பத் திரும்ப விலக்கியும் அவன் விடாததால், எதிரி அழியட்டும் என்ற எண்ணத்தோடு போரில் இறங்கும் மனம் முன்னதாகவே தாழ்ந்துவிட்டது என்றும், அதன் போக்கிடம் நரகம் என்றும் அவர் விடை சொல்கிறார். வீரன் அழுகிறான். விடையின் கடுமைக்காக அழவில்லை. இத்தனை காலம் தன் ஆசிரியர்கள் தன்னை ஏமாற்றிவந்தார்களே என்று அழுவதாக அவனே சொல்கிறான்.

2017 அக்டோபர் 30 அன்று மியான்மரின் காயின் மாநிலத்தில், தண்டவுங் பகுதியிலுள்ள படைப்பயிற்சிப் பள்ளி ஒன்றில் அதிகாரிகளுக்கு அறவுரை வழங்கிய மூத்த துறவி, இந்த அழுகையைப் பற்றிப் பேசவில்லை. துட்டகைமுனுவின் ஒன்றரை மனிதரைப் பற்றிப் பேசினார். அஷின் ஞானிஸ்ஸர என்ற துறவுப் பெயரும் சீத்தகூ சயடோ என்ற மக்கள் வழக்குப் பெயரும் கொண்ட அவர் தெருமுனைப் பேச்சாளர் அல்லர். சயடோ என்பது மடத்துத் தலைமைத் துறவியைக் குறிக்கும் பர்மியச் சொல். சகாயிங் குன்றுகளுக்குக் குடிநீர் ஏற்றிய திட்டம், இலவசக் கண் மருத்துவமனைகள், 2008இல் நர்கிஸ் புயல் அழித்த ஊர்களுக்குத் துயர்தணிப்பு ஆகியவற்றால் நாடறிந்தவர். பாலி நூல்களில் ஆழ்ந்த புலமையுடையவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று காவல் நிலைகளைத் தாக்கியதை அடுத்துப் படை தொடங்கிய நடவடிக்கையில் ஊர்கள் எரிந்து, ஆறு லட்சம் பேருக்கு மேல் வங்கதேச எல்லையைக் கடந்திருந்த நேரம் அது. கதையைச் சொன்னவர், இது தன் சொல் அன்று, இலங்கைப் பிக்குகள் சொன்னது என்றும் சேர்த்துக்கொண்டார். பொறுப்பு இன்னொரு நாட்டுத் துறவியர் தலையில், அதுவும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காப்பியத்தின் தலையில், வைக்கப்பட்டது. கேட்டவர்களுக்கு வேண்டிய ஆறுதல் மட்டும் அவர்களிடம் தங்கியது. அவர் ரோஹிங்கியா என்ற பெயரைச் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. காப்பியத்தில் விலங்காகக் கணக்கிடப்பட்ட தமிழ்ப் படையினரின் இடத்தில் யாரை வைத்துக் கேட்கவேண்டும் என்பது அந்த அவைக்குத் தெரிந்திருந்தது.

அவைக்கு அது எவ்வாறு தெரிந்திருந்தது என்பதே பொதுமக்கள் மனப்பான்மை பற்றிய கேள்வி. சாசனம் என்றேனும் அழிந்துபோகும் என்பது தேரவாதத்தின் பழைய நம்பிக்கை. அதன் ஆயுள் 5000 ஆண்டுகள் என்று உரைமரபு கணக்கிட்டது. அதன் நடுப்புள்ளியை 1956இல் யாங்கோனில் ஆறாம் பௌத்த மாநாட்டோடு கொண்டாடிய நாட்டில், எஞ்சிய பாதி தேய்பிறைக் காலம் என்ற அச்சம் மக்கள் பேச்சிலேயே கலந்திருந்தது. நாலந்தா, இந்தோனேசியா, 2001இல் தகர்க்கப்பட்ட பாமியன் சிலைகள் என்று பௌத்தம் மறைந்த இடங்களின் பட்டியல் அவ்வச்சத்துக்குச் சான்றாக ஓதப்பட்டது. 2012இல் ராக்கைன் மாநிலத்தில் கலவரம் வெடித்த பின் பரவிய 969 இயக்கம் அதை ஒரு கடைப்பலகையாகவே மாற்றியது. புத்தரின் ஒன்பது குணங்கள், தம்மத்தின் ஆறு, சங்கத்தின் ஒன்பது என்று வழிபாட்டில் எண்ணப்படும் எண்களே 969. முஸ்லிம் கடைகளில் எழுதப்பட்டிருக்கும் 786க்கு எதிராக, எந்தக் கடையில் வாங்கவேண்டும் என்று காட்டும் ஒட்டுத்தாளாக அது ஆயிற்று. தியான மணியில் உருட்டும் எண் ஒன்று புறக்கணிப்புக்கு அடையாளமான இம்மாற்றத்துக்கு எந்த நூலையும் திரிக்கவேண்டியிருக்கவில்லை. விராது என்ற பிக்குவைப் போன்ற பேச்சாளரின் பெயர் உலகமறிந்தது இக்காலத்தில்தான். இனத்தையும் சமயத்தையும் காப்பது என்ற பெயரில் எழுந்த மா ப தா அமைப்பின் அழுத்தத்தால் 2015இல் சமய மாற்றம், பௌத்தப் பெண்கள் வேற்றுச் சமயத்தாரை மணப்பது முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் நான்கு சட்டங்கள் நிறைவேறின.

சமய அச்சத்துக்கு முன்பே சட்டம் வழி அமைத்திருந்தது. 1982 குடியுரிமைச் சட்டம், முதல் ஆங்கில-பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டாகிய 1823ஐ எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன் நாட்டில் இருந்த இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்றது. அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. அச்சட்டம் வகுத்த இரண்டாம் தரக் குடியுரிமைக்குப் பர்மிய மொழியில் இடப்பட்ட பெயர் விருந்தாளிக் குடிமகன் என்று பொருள்படும். விருந்தாளி ஒருநாள் புறப்பட்டுப் போகவேண்டியவர் அல்லவா? தமிழ் வாசகருக்கு இது கேள்விப்படாத செய்தியன்று. தெற்காசிய முகமுடைய எவரையும், அவர் முஸ்லிமாயினும் செட்டியாராயினும், கலா என்ற ஒரே இழிசொல்லால் அழைக்கும் வழக்கம் யாங்கோன் தெருக்களில் நெடுங்காலமாக உண்டு. 1942இல் நடைவழியாகவும், 1964க்குப் பின் கப்பல்வழியாகவும் பர்மாவை விட்டு வந்தவர்களின் பெயர் சென்னைக் கடற்கரையோரக் கடைத்தெரு ஒன்றில் இன்றும் நிற்கிறது.

இவ்விடத்தில் சொற்களைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அகதி என்ற தமிழ்ச் சொல்லுக்குப் போக்கிடம் அற்றவர் என்பது பொருள். இழப்பை மட்டுமே அது சொல்கிறது. பர்மிய மொழியில் அகதியைக் குறிக்கும் துக்கதே என்ற சொல், புத்தரின் முதல் மெய்ம்மையாகிய துக்கத்திலிருந்து பிறந்தது. துக்கத்துக்கு உள்ளானவர் என்பதே அதன் பொருள். வங்காள மொழியின் சரணார்த்தியும் சிங்களத்தின் சரணாகதயாவும் சரணம் வேண்டி வந்தவரைக் குறிப்பவை. விகாரையில் நாள்தோறும் மும்முறை சொல்லப்படும் சரணமும் அகதி முகாமின் பெயர்ப்பலகையில் உள்ள சரணமும் ஒரே சொல்தான். எந்தச் சொல் வழங்கக்கூடாது என்பதில் அரசுகள் காட்டும் கவனத்துக்கும் இதுவே காரணம். மியான்மர் அரசு ரோஹிங்கியா என்னாமல் வங்காளி என்றது. வங்கதேச அரசு சரணார்த்தி என்ற சொல்லைத் தவிர்த்து, வலிந்து இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டினர் என்று பதிவேட்டில் எழுதியது. 2017 நவம்பரில் மியான்மருக்கு வந்த போப் பிரான்சிஸ்கூட அந்நாட்டு மேடைகளில் ரோஹிங்கியா என்ற பெயரைத் தவிர்த்து, டாக்கா சென்ற பின்னரே அதை உச்சரித்தார்.

சரணாகதயா என்ற சொல்லின் நிலை அவ்வாண்டே கொழும்புக்கு அருகே கல்கிசையில் சோதனைக்கு வந்தது. ஏப்ரலில் வடக்குக் கடலில் படகோடு பிடிபட்டு, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் பொறுப்பில் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்த 31 ரோஹிங்கியாக்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. செப்டம்பர் 26 அன்று பிக்குகள் சிலர் முன்னிற்க ஒரு கும்பல் கதவை உடைத்து உள்ளே புகுந்தது. மேல்மாடியில் ஒடுங்கிய அக்குடும்பங்களைப் பயங்கரவாதிகள் என்று ஒருவர் முகநூல் நேரலையில் அறிவித்துக்கொண்டிருந்தார். காவல்துறை அவர்களை மீட்டுக் காலி அருகே பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுசென்றது. தாக்கியவர்களில் சிலர் கைதாயினர் என்பதையும், அரசின் பேச்சாளரே அச்செயலைப் பௌத்தத்துக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆயினும் சரணம் மட்டும் புகுந்தவன் அரை மனிதன் என்ற பழங்கணக்கைக்கூட அன்று அந்தக் கும்பல் அவர்களுக்கு அளிக்கவில்லை.

இதே நூல்தொகுதியிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்ட செயல்களும் உண்டு. 2007 செப்டம்பரில் மியான்மர் பிக்குகள் எல்லா உயிரிடத்தும் அன்பு பாராட்டுமாறு கூறும் மெத்த சுத்தத்தை ஓதியபடி ஊர்வலம் சென்றார்கள். படையினர் குடும்பங்களின் முன் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். பாத்திரம் கவிழ்த்தல் என்பது விநயம் வகுத்த ஒறுப்பு: தகாதன செய்த இல்லறத்தாரிடமிருந்து சங்கம் தானம் ஏற்க மறுப்பது. தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்க்கும் வழி அடைபட்டுப்போவது ஒரு பௌத்தப் படையதிகாரிக்குச் சிறிய தண்டனையன்று. 2013 மார்ச்சில் மெய்க்திலா நகரம் எரிந்தபோது, ஊ விதுத்தா என்ற மடத்துத் தலைவர் நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை மடத்துக்குள் வைத்துக்கொண்டு, வாயிலில் நின்ற கும்பலுக்கு வழிவிட மறுத்தார். அவர் புதிய உரை எதையும் எழுதவில்லை. அடைக்கலம் தருவதும் துறவியின் கடமைதான் என்று எண்ணிச் செய்தார்.

நூல்தான் மனப்பான்மையை ஆக்குகிறது என்றால் நூல் மாறாதவரை மனப்பான்மையும் மாறக்கூடாது. ஆனால் 2021 பிப்ரவரியில் படை ஆட்சியைப் பிடித்து, தன் துப்பாக்கியைப் பெரும்பான்மைப் பர்மியரின் மேல் திருப்பிய சில மாதங்களுக்குள், ரோஹிங்கியாக்கள் சொன்னதை முன்னர் நம்ப மறுத்ததற்காக இளைஞர் பலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். ஜூனில் இணை அரசாகிய தேசிய ஒற்றுமை அரசு 1982 சட்டத்தை மாற்றுவதாக உறுதி கூறி, ரோஹிங்கியா என்ற பெயரைத் தன் அறிக்கையில் எழுதியது. மாறாக, தொடக்கத்தில் தம் வீட்டுச் சோற்றைப் பகிர்ந்துகொண்ட, வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மக்களிடம், கூலி சரிந்து, காடு அழிந்து, உக்கியா, டெக்னாஃப் வட்டாரங்களில் வந்தவர் தொகை ஊரார் தொகையை விஞ்சியபோது சலிப்பு வளர்ந்தது. அங்கே வந்தவரும் இருந்தவரும் ஒரே சமயத்தவர். மக்கள் எப்போது அஞ்சுவார்கள் என்பதை நிலமும் கூலியும் படையும் முடிவு செய்கின்றன. அவ்வச்சத்துக்குக் குற்றவுணர்வின்மையை வழங்குவதே நூலிலிருந்து பெறப்படும் உதவி. தண்டவுங்கில் படையினருக்குத் தேவைப்பட்டது கொல்வதற்கான கட்டளை அன்று. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கொன்ற பின் உறங்குவதற்கான வழியே அவர்களுக்குத் தரப்பட்டது.

அதனால்தான் அந்த அறவுரை மகாவம்சத்தில் விட்டுவைத்தவற்றைக் கவனிப்பது தகும். 21ஆம் அதிகாரத்தில் எல்லாளனது தேரின் நுகத்தடி ஒரு தூபியைத் தற்செயலாக இடித்துவிடுகிறது. அவன் இறங்கித் தெருவில் கிடந்து, தன் தலையைத் தேர்ச்சக்கரத்தால் துண்டிக்குமாறு அமைச்சரை வேண்டுகிறான். அவர்கள் தடுத்ததும், பெயர்ந்த பதினைந்து கற்களைத் திரும்பப் பதிக்க 15,000 கஹாபண நாணயம் செலவிடுகிறான். பிழைக்காட்சியை விடாதவனாயினும் தீநெறியில் செல்லாதவன் என்று அவனைக் காப்பியமே மதிக்கிறது. நான்கு அதிகாரம் தள்ளி அவன் படையினரை விலங்கு என்றதும் அதே கைதான். துட்டகைமுனுவோ எல்லாளன் விழுந்த இடத்தில் அவன் உடலை எரியூட்டி, நினைவுச் சின்னம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்துகிறான். இலங்கை அரசர் அவ்விடத்தை நெருங்கும்போது வாத்தியங்களை நிறுத்திவிடும் வழக்கம் தம் காலத்திலும் இருந்ததாக மகாநாமர் பதிவு செய்கிறார். அந்த மேடு எது என்பதில் பிற்காலத் தொல்லியலார் முரண்பட்டார்கள். வழக்கம் மட்டும் நின்றுபோகவில்லை. 1840இல் வெளியான தம் நூலில் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலப் படையதிகாரி ஒன்றைக் குறிக்கிறார்: ஆங்கிலேயருக்கு எதிரான கண்டிக் கிளர்ச்சி தோற்றுத் தப்பியோடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவை என்ற சிங்களப் பிரபு, அனுராதபுரத்தை அடைந்தபோது எழமாட்டாத களைப்பிலும் பல்லக்கிலிருந்து இறங்கினார், அந்தச் சின்னம் சரியாக எங்கே இருக்கிறது என்பது தெரியாததால், அதைக் கடந்து நெடுந்தொலைவு வந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்தே சென்றார்.